வழி யாருக்கு முதலில்?



போன பள்ளி விடுமுறையில் பாயான் பாருவில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். பகலுணவு முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில் அத்தான் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"வாத்தியாரே, எதிரும் புதிருமாக ரெண்டு வண்டி வருது. ரெண்டிலும் டிரைவர் இல்லே. வழி ஒண்ணுதான். எது நிக்கும், எது போகும்? அதை யார் சொல்றது?"

அத்தான் பாயான் லெப்பாஸ் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். இருபத்தாறு ஆண்டு சர்வீஸ். இந்த ஆண்டு அங்கே தானாக ஓடும் வண்டிகளைக் கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். ஸ்டோரிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு, மனிதக் கை படாமல் லைனுக்குப் போய், காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பும் வண்டிகள் அவை. நிர்வாகம் இரண்டு தாள்களை நீட்டியதாம். ஒன்று, பணம் வாங்கிக்கொண்டு விலகுகிற தாள். மற்றொன்று, புதிய வண்டிகளை மேற்பார்க்கும் வேலைக்கு மூன்று மாதப் பயிற்சியில் சேருகிற தாள். பயிற்சியில் கணக்குப் பாடம் உண்டு. அத்தான் படித்தது படிவம் மூன்று வரை. அதுவும் கணக்கில் கோட்டை விட்டவர். தாள் இரண்டும் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தன.

கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதல்ல என்று எனக்கு அப்போதே புரிந்தது. பதில் சொல்ல ஒரு பொழுது போதவில்லை. இரண்டு நாள் தங்கி, சமையற்கட்டு மேசையில் தீப்பெட்டிகளை நகர்த்தி நகர்த்திச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்லுகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் நாளைக்கு வேலை தேடிப் போகும் இடங்களில் இந்த வண்டிகள் காத்துக்கொண்டிருக்கின்றன. முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

கல்வெட்டுப் பாலத்தில் நடந்த கதை

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் செம்மண் ரோடு ஒன்று. நடுவே ஓடைக்கு மேல் ஒரு கல்வெட்டுப் பாலம். ஒரு வண்டிதான் போகலாம். பால் லாரி ஸ்டோருக்கு இறங்கும். உர டிராக்டர் மேலே ஏறும். 'பாரம் ஏற்றிய வண்டிக்கே முதல் வழி' என்பது எழுதாத சட்டம்.

ஒரு நாள் பாரத்தோடு லாரி வந்தது. பாரத்தோடு டிராக்டரும் வந்தது. சட்டம் இருவருக்கும் சாதகம். இரண்டு டிரைவர்களுக்கும் முன்பே மனத்தாங்கல். "நீ பின்னாலே எடு", "நீ எடு" என்று முக்கால் மணி நேரம். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. லாரியில் இருந்த பால் கட்டிப் போயிற்று. நல்ல பாலாக நிறுத்திருக்க வேண்டியது கட்டிப்பாலாக, குறைந்த விலைக்குப் போயிற்று. விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவிய தாய்மார்கள் அன்றைக்குக் கிராணியாரிடம் கேட்டார்கள்: "வீம்பு பிடித்தது அவங்க, கூலி குறைவது எங்களுக்கா?" அவர்களில் ஒருத்தி என் தாயார்.

வழிவிடுவது மரியாதை விஷயம் மட்டும் அல்ல, கூலி விஷயமும்தான் என்று அன்றைக்கு உணர்ந்தேன். யார் முதலில் போவது என்று தீர்மானிக்கத் தவறினால், அந்த இடத்தில் இல்லாதவனும் நட்டப்படுகிறான்.

பழைய நாள் உபாயங்கள்

ஒற்றை வழிக்கு மனிதன் பல உபாயங்களைக் கண்டிருக்கிறான். நம் பினாங்குக் கொடிமலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட வண்டி அது. ஒரே கம்பிக் கயிற்றின் இரு முனையில் இரண்டு பெட்டிகள். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கியாக வேண்டும். பாதை ஒற்றைதான், நடுவழியில் மட்டும் இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகிறது. இரண்டு பெட்டிகளும் சரியாக அந்த இடத்தில்தான் சந்திக்கும். வேறு இடத்தில் சந்திக்கக் கயிறு விடாது. 2011இல் புதிய பெட்டிகள் வந்து, நடு நிலையத்தில் மாறி ஏறும் சிரமம் போன பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. யார் முதலில் என்ற கேள்வியே எழாதபடி, கணக்கைக் கயிற்றிலேயே முடிந்து வைத்துவிட்டார்கள்.

ரயில் பாதையில் இன்னோர் உபாயம். ஒற்றைத் தண்டவாளப் பகுதிக்கு ஒரு டோக்கன் வைத்தார்கள். அது கையில் இருக்கும் டிரைவர் மட்டுமே அந்தப் பகுதிக்குள் போகலாம். நம் தாத்தாமார் பலர் மலாயா ரயில்வேயில் வேலை செய்தவர்கள். வளையம் கோத்த பையை ஓடுகிற வண்டியிலிருந்து கை நீட்டி வாங்கும் காட்சியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பைக்குள் இருந்தது அந்த டோக்கன்தான். தெலுக் இந்தான் பக்கம் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் சிறு ரயிலைப் பார்த்தவர்களுக்கு, ஒற்றைப் பாதையில் ஒதுங்கி நிற்க இடம் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி இரண்டோ மூன்றோ ஆனால் இந்த உபாயங்கள் போதும். முப்பது வண்டிகள் ஒரே கூரையின் கீழ் நாற்பது சந்திகளில் குறுக்கும் நெடுக்கும் ஓடினால்? அங்கேதான் கணக்கு வருகிறது.

வண்டிகள் வந்த வரலாறு

தானாக ஓடும் சுமை வண்டி நேற்று வந்ததல்ல. 1950களிலேயே அமெரிக்காவில் பாரட் என்ற நிறுவனம் கம்பியின் வழி பிடித்துக்கொண்டு போகும் இழுவை வண்டியைச் செய்தது. 1993இல் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் துறைமுகத்தில் கொள்கலன்களை ஆளில்லா வண்டிகள் சுமக்கத் தொடங்கின. நமக்குப் பக்கத்தில், 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட சிங்கப்பூர்த் துவாஸ் துறைமுகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆளில்லா மின்சார வண்டிகள் ஓடுகின்றன. கப்பலுக்கும் கொள்கலன் அடுக்கும் இடத்துக்கும் இடையே இரவு பகலாகப் போய் வரும் அவற்றுக்குச் சண்டையும் இல்லை, ஹாரனும் இல்லை.

பாயான் லெப்பாஸ் கதை உங்களுக்குத் தெரிந்ததே. நெல் வயலாக இருந்த பகுதியில், துன் லிம் சொங் இயூ முதலமைச்சராக இருந்தபோது, 1972இல் சுதந்திர வாணிப வட்டாரம் எழுந்தது. இன்டெல், ஹியூலட் பேக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி என்று எட்டு நிறுவனங்கள் முதல் வரிசையில் வந்தன. அவற்றை 'எட்டு சாமுராய்' என்று சொல்வார்கள். வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கப் பக்கத்தில் பாயான் பாரு நகரம் உருவாயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணம் தேடிய நம் குடும்பங்களிலிருந்தும் எத்தனையோ பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். என் அக்காளும் அவர்களில் ஒருத்தி. அன்று கையால் செய்த வேலை பலவற்றை இன்று இயந்திரம் செய்கிறது. சாமான் தள்ளுவதும் இப்போது அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

மூன்று தீப்பெட்டிக் கணக்கு

இனி மேசைக்கு வாருங்கள். ஸ்டோரில் ஒரு குறுகிய சந்து. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். மூன்று தீப்பெட்டிகளை எடுத்து அ, ஆ, இ என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.

அ கனமான வண்டி. சந்து வாசலுக்கு 0 விநாடியில் வருகிறது. கடக்க 30 விநாடி எடுக்கும். ஆ இலேசான வண்டி. 5ஆவது விநாடியில் வருகிறது. கடக்க 10 விநாடி. இ என்பதும் இலேசானதே. 8ஆவது விநாடியில் வருகிறது. அதற்கும் 10 விநாடி.

'முதலில் வந்தவருக்கு முதலில் வழி' என்ற நியாயப்படி விட்டுப் பார்ப்போம். அ உடனே போகிறது, 30இல் வெளியேறுகிறது. ஆ 5இலிருந்து 30 வரை, 25 விநாடி காத்திருக்கிறது. அது 40இல் வெளியேறும். இ 8இலிருந்து 40 வரை, 32 விநாடி காத்திருக்கிறது. மொத்தக் காத்திருப்பு 57 விநாடி.

வேறு மாதிரி விடுவோம். அ சற்று நிற்கட்டும். ஆ வந்தவுடன் போய் 15இல் வெளியேறுகிறது. இ 7 விநாடி நின்று, 25இல் வெளியேறுகிறது. அதன் பிறகு அ. அதன் காத்திருப்பு 25. மொத்தம் 0 + 7 + 25 = 32 விநாடி. 57 எங்கே, 32 எங்கே!

"அட, வரிசையை மாத்தினதுக்கே இத்தனை லாபமா!" என்றார் அத்தான். வண்டியை வேகமாக ஓட்டவில்லை. ரோட்டை அகலப்படுத்தவில்லை. வரிசையை மட்டும் மாற்றினோம்.

மூன்று வண்டிக்கு ஆறு வரிசைதான் உண்டு. பிள்ளைகளே எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துச் சிறந்ததைச் சொல்லிவிடலாம். பத்து வண்டி ஆனால் வரிசைகள் எத்தனை தெரியுமா? 3,628,800. விநாடிக்கு ஒன்று என்று இரவு பகல் தூங்காமல் எழுதினாலும் சரியாக 42 நாட்கள் ஆகும். சந்து வாசலில் நிற்கும் வண்டி 42 நாள் பொறுக்குமா? ஒரு விநாடிக்குள் விடை வேண்டும்.

கவாத்து வெட்டும் கணக்கு

எல்லாவற்றையும் எழுதிப் பார்க்காமலே சிறந்ததைக் கண்டுபிடிக்கும் கணக்குத் துறை ஒன்று இருக்கிறது. ரஷ்யாவில் கான்டரோவிச் என்பவர் 1939இல், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்களுக்கு வேலையை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியிலிருந்து இதைத் தொடங்கினார். பின்னாளில், 1975இல், அவருக்குப் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அமெரிக்காவில் டான்சிக் 1947இல் இதற்குப் படிப்படியான செய்முறையைத் தந்தார். 1984இல் நரேந்திர கர்மர்கார் என்ற இந்தியர் பெரிய கணக்குகளுக்கு ஏற்ற புது வழி ஒன்றைக் கண்டார்.

ஆனால் வண்டிக் கணக்கில் ஒரு தனிச் சிக்கல். அ முதலிலா, ஆ முதலிலா? இரண்டில் ஒன்றுதான், பாதிப் பாதி கிடையாது. இதை 1 அல்லது 0 என்று எழுதுகிறார்கள். அ முந்தினால் 1, ஆ முந்தினால் 0. ஒரு சந்தில் சந்திக்கும் ஒவ்வொரு இரண்டு வண்டிக்கும் இப்படி ஓர் எண். முந்தியது வெளியேறிய பிறகே பிந்தியது நுழையலாம் என்பது நிபந்தனை. மொத்தக் காத்திருப்பு ஆகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். எண், நிபந்தனை, நோக்கம் மூன்றையும் கணினியிடம் கொடுத்துவிட்டால், அது தேடத் தொடங்குகிறது.

எப்படித் தேடுகிறது? 1960இல் எய்ல்சா லேண்ட், அலிசன் டோயிக் என்ற இருவர் லண்டன் பொருளாதாரக் கல்லூரியிலிருந்து ஒரு வழியை வெளியிட்டார்கள். இருவரும் பெண்கள். பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று இன்னமும் சொல்லும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

அவர்கள் வழி நமக்குப் பழக்கமானதுதான். கவாத்து வெட்டுவது! ஒரு கிளை பயன் தராது என்று தெரிந்தால் அதன் நுனி வரை போய்ப் பார்க்காமல் அடியிலேயே வெட்டுகிறோம் அல்லவா? நம் தீப்பெட்டிக்கே பொருத்திப் பாருங்கள். 32 விநாடிக்கு ஒரு வரிசை கையில் இருக்கிறது. இப்போது அ முதலில் போவதாக வைத்துக்கொண்டால் என்ன? 30 விநாடி வரை சந்து அடைபடும். ஆ குறைந்தது 25 விநாடி நிற்கும். இ குறைந்தது 22 விநாடி நிற்கும். 47 ஆகிவிட்டது. 32ஐத் தாண்டிவிட்ட பிறகு அதற்குமேல் பார்ப்பானேன்? அ முதலில் வருகிற இரண்டு வரிசைகளையும் எழுதாமலே வெட்டிவிடலாம். பத்து வண்டியில், அடிக்கிளை ஒன்றை வெட்டினால் ஒரே வெட்டில் 362,880 வரிசைகள் போய்விடும்.

எதைக் குறைப்பது?

இந்த இடத்தில் அத்தான் ஒரு கேள்வி போட்டார். அதுதான் இந்தக் கட்டுரைக்கே உயிர்.

"அதெல்லாம் சரி. அந்தக் கனமான வண்டியிலே லைனுக்கு வேண்டிய சாமான் இருந்தா? நாற்பது விநாடிக்குள்ளே போய்ச் சேரலேன்னா லைன் நின்னு போகும். அதை 25 விநாடி நிறுத்தி வச்சா சூப்பர்வைசர் என்னையில்ல திட்டுவாரு?"

உண்மை! 32 விநாடி வரிசையில் அ வெளியேறுவது 55இல். லைன் நின்றுவிடும். 'அ 40க்குள் வெளியேற வேண்டும்' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் சிறந்த விடை தலைகீழாகிறது. அ முதலில் போயாக வேண்டும்; 57 விநாடிக் காத்திருப்பை ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

கணக்கு தப்பல்ல. நாம் கேட்ட கேள்விதான் தப்பு. எதைக் குறைக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மனிதன்தான் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மொத்தக் காத்திருப்பை மட்டும் பார்த்தால், இலேசான வண்டிகள் அடுத்தடுத்து வரும் வரை கனமான வண்டி நின்றுகொண்டே இருக்கும். கிளினிக்கில் "சின்னக் காய்ச்சல், ஒரு நிமிஷம்தான்" என்று ஒவ்வொருவராக முந்திக்கொண்டு போக, முழங்கால் வலியோடு வந்த கிழவி மாலை வரை உட்கார்ந்திருப்பதைப் போல. மொத்தத்தில் எல்லாருக்கும் நேரம் மிச்சம். அவளுக்கு மட்டும் ஒரு நாள் நட்டம். ஆகையால் நல்ல கணக்குப் போடுகிறவர்கள், 'யாரும் இத்தனை விநாடிக்குமேல் நிற்கக் கூடாது' என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதுகிறார்கள். சமூகத்துக்கும் இது பொருந்தும் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையின் கடைசியில் நெடுநாள் நின்றவர்கள் நாம்.

யாரும் நகராத நிலை

அந்தத் தொழிற்சாலையில் வண்டிகள் வந்த முதல் மாதம் ஓர் இரவு ஷிப்டில் நடந்ததையும் அத்தான் சொன்னார். அடுக்குகளுக்கு நடுவே இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வந்து நின்றுவிட்டன. முன்னே தடை இருந்தால் நிற்க வேண்டும் என்பது அவற்றின் புத்தி. பின்னே போகலாம் என்றால் ஒவ்வொன்றின் முதுகிலும் இன்னொரு வண்டி. நான்கும் "வழி விடுங்கள்" என்று பாட்டுப் பாடிக்கொண்டு நின்றனவே ஒழிய, ஒன்றும் நகரவில்லை. அவசரப்பட்ட ஒரு பையன் கையாலேயே ஒன்றை இழுத்தான். மேலிருந்த பெட்டி சரிந்து அவன் கால்மேல் விழுந்தது. இரண்டு விரல் நசுங்கி, ஆறு வாரம் வீட்டில் கிடந்தான். கல்வெட்டுப் பாலத்துக் கதைதான். வீம்பு இல்லை, அவ்வளவே.

கணினி உலகில் இதை 'மரணப் பிடி' என்று 1960களிலேயே சொன்னார்கள். ஹாலந்து நாட்டு டைக்ஸ்ட்ரா என்ற அறிஞர் இதைத் தவிர்க்கும் வழிகளை ஆராய்ந்தவர். வழி என்னவோ எளியதுதான்: வெளியேறும் இடம் காலி என்று தெரியாமல் உள்ளே நுழையாதே. பட்டணத்துச் சந்திப்புகளில் மஞ்சள் கட்டம் போட்டிருக்கிறார்கள் அல்லவா? அதன் பொருள் இதுதான். பாயான் பாருவில் தொழிற்சாலை விடும் நேரத்தில் அந்தக் கட்டத்துக்குள் மூக்கை நுழைத்து நிற்பவர்களைப் பார்த்தால், மனிதனுக்கும் இந்தப் பாடம் இன்னும் ஏறவில்லை என்று தெரியும்.

2004இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரெஸ்னர், ஸ்டோன் என்ற இருவர் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். ஆளில்லாக் கார் சந்திப்பை நெருங்கும்போதே, "நான் இன்ன விநாடியில் இன்ன பக்கமாகக் கடக்க வேண்டும்" என்று இடம் பதிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் அந்தக் கட்டம் காலி என்றால் அனுமதி; இல்லை என்றால் வேகத்தைக் குறைத்து மீண்டும் கேட்க வேண்டும். ரயில்வே டோக்கனுக்கு நேரமும் சேர்ந்தால் இதுதான். விளக்குக் கம்பமே தேவையில்லை. ஆனால் எல்லா வண்டியும் கேட்டு நடக்க வேண்டும். கேளாத ஒன்று உள்ளே வந்தால்?

அதற்கும் நம் நாட்டிலேயே பாடம் உண்டு. கோலாலம்பூர்க் கெலானா ஜெயா ரயில் பாதையில் 1998 முதல் டிரைவர் இல்லாமலே ரயில்கள் ஓடுகின்றன. எந்த ரயில் எங்கே இருக்கிறது என்று அறிந்து இடைவெளி விட்டு ஓட்டுவது கணினி. 2021 மே 24ஆம் தேதி, அந்தப் பாதையில் கையால் ஓட்டப்பட்ட காலி ரயில் ஒன்று தவறான திசையில் புறப்பட்டு, பயணிகள் இருந்த தானியங்கி ரயிலின்மேல் மோதியது. 213 பேர் காயமடைந்தார்கள்; அவர்களில் 47 பேருக்குப் பலத்த காயம். ஒரே ஒரு வண்டி ஒழுங்குக்கு வெளியே இருந்ததன் விளைவு அது. கணக்கு எவ்வளவு நுட்பமானாலும், அதன் கண்ணுக்குத் தெரியாத ஒன்று பாதையில் இருக்கும் என்று எண்ணித்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதனால்தான் இந்த வண்டிகளுக்கு இரண்டு அடுக்குப் புத்தி வைக்கிறார்கள். மேல் அடுக்கு, வரிசைக் கணக்குப் போடும். யாராவது குறுக்கே நடந்தால், ஒரு பெட்டி விழுந்தால், போட்ட கணக்கு பழசாகிவிடும். ஆகவே சில விநாடிக்கு ஒரு முறை புதிதாகப் போடும். கீழ் அடுக்கு வண்டியின் முகத்திலேயே இருக்கிறது. முன்னே ஆள் தெரிந்தால், மேலிடம் என்ன சொல்லியிருந்தாலும் சரி, நின்றுவிடும். உயிர் முன்னே, கணக்குப் பின்னே.

சாமி படத்துக்குப் பின்னால் இருந்த தாள்

இரண்டாம் நாள் இரவு அத்தான் என்னிடம் ஒன்று சொன்னார். "அந்த இன்ஜினியர் பிள்ளைங்க நல்லாப் படிச்சவங்க. ஆனா ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது மூணாம் நம்பர் சந்திலே அறுபது பேரு நடந்து வருவாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. அந்த நேரத்திலே வண்டியை அங்கே விட்டா நின்னு நின்னுதான் போகும். மழை பெய்ஞ்சா லோடிங் பக்கம் தரை வழுக்கும். பாரத்தோட போற வண்டி பத்தடி முன்னாலேயே வேகம் குறைக்கணும்."

"அத்தான், நீங்கள் இப்போது சொன்னது இரண்டு நிபந்தனை. பேனாவால் எழுதினால் கணக்கு" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய் அந்தத் தாள்களை எடுத்து வந்தார். பயிற்சித் தாளில் கையெழுத்துப் போடும் முன், "மூணு மாசத்திலே தேறலேன்னா?" என்று கேட்டார். அக்காள் சமையற்கட்டிலிருந்து, "தேறலேன்னா மறுபடி படிங்க. பிள்ளைங்களுக்கு அப்படித்தானே சொல்றோம்" என்றாள்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத மாட்டேன். அத்தானோடு போர்க்லிப்ட் ஓட்டிய பத்துப் பேரில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது நால்வருக்குத்தான். மற்றவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் நாசி லெமாக் கடை போட்டிருக்கிறார். ஒருவர் வீட்டில் இருக்கிறார். வண்டிகளுக்குள் யார் முதலில் என்று இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள், மனிதர்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதற்கும் கொஞ்சம் கணக்குப் போட்டிருக்கலாம். 'யாரும் கைவிடப்படக் கூடாது' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்திருக்கலாம். அத்தான் முதல் மாதத் தேர்வில் தேறிவிட்டார். இன்னும் இரண்டு இருக்கின்றன.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கணக்கில் பின்தங்கினால், "நம்ம குடும்பத்துக்கே கணக்கு வராது" என்று அதன் காது படச் சொல்லாதீர்கள். பால் எடையும் குலை எண்ணிக்கையும் கிராணியார் எழுதும் முன்பே மனத்தில் போட்டு வைத்த குடும்பங்கள் நாம். காகிதத்தில் எழுதப் பழகவில்லை, அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம், மூன்று தீப்பெட்டி. வேறு செலவில்லை.

பிள்ளைகளுக்கு இந்த முறை வீட்டுப்பாடம்: அ 0 விநாடியில் வந்து, கடக்க 20 விநாடி எடுக்கும். ஆ 4இல் வந்து 5 விநாடி எடுக்கும். இ 6இல் வந்து 15 விநாடி எடுக்கும். மொத்தக் காத்திருப்பு ஆகக் குறைவான வரிசை எது? அடுத்து, யாரும் 20 விநாடிக்குமேல் நிற்கக் கூடாது என்று சொன்னால் எந்த வரிசை? இரண்டு விடையும் ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். விடையை அடுத்த முறை பார்ப்போம்.